தொடக் கூடாத டிரம்

போன வாரம் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு ஓரம் இருக்கிற இ-சேவை மையத்துக்குப் போயிருந்தேன். என் தம்பியின் பேரனுக்குப் பட்டா வேண்டும். எங்கள் நைனா காலத்திலிருந்து நாங்கள் குடியிருந்த மனை அது. நைனா என்றால் அப்பா. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் செத்துப்போனதற்குச் சர்டிபிகேட் கேட்கிறார்கள். இத்தனை வருஷமாக அவர் இல்லாமல் இருப்பதை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

மையத்தை நடத்துகிற செல்வி கெட்டிக்காரப் பெண். நான் மஞ்சள் பையில் கொண்டுபோன காகிதங்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்துவிட்டு, "தாத்தா, இத்தயெல்லாம் தூக்கிக்கினு அலையாதீங்க. ஒரு பென் டிரைவ் வாங்கிக்கோங்க, எல்லாத்தையும் அதுல ஏத்திடறேன்" என்று கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிசு. அதைக் காதில் வைத்துப் பார்த்தேன்.

"இன்னா தாத்தா, செல்லுன்னு நெனச்சீங்களா?"

"சத்தம் வருதான்னு பாத்தேம்மா."

சிரித்தாள். பக்கத்தில் யாரோ ஆதார் அட்டைக்கு லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் சூடாகிற வாசனை. அதற்கு அடியில், சூடான தூசி வாசனை ஒன்று வந்தது பாருங்கள், அதை நான் அறுபது வருஷத்துக்கு மேல் முகர்ந்ததில்லை. காலுக்குக் கீழே தரை லேசாக அதிர்வது போலக்கூட இருந்தது. அது பஸ்ஸாக இருக்கும்.

கம்ப்யூட்டர் ஒன்றை நான் முதலில் பார்த்தது ஐம்பதுகளின் கடைசியில். உத்திரமேரூர்க்காரன், ஆறாம் வகுப்போடு நின்றவன், அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் பார்த்தேன் என்றால் யாரும் நம்புவதில்லை. நானும் வற்புறுத்துவதில்லை. செல்வியிடம் சொல்லியிருந்தால் இரண்டாவது தடவையும் சிரித்திருப்பாள்.

பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் நைனாவுக்கும் சம்பந்தம் உண்டு. அவர் பறை அடிப்பவர். ஊரில் பெரிய வீடுகளில் சாவு விழுந்தால் சேரிக்கு ஆள் வரும், நைனா போக வேண்டும். அப்படி ஒரு தடவை ஆள் வந்தபோது அவர் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லியிருந்தால் பிரச்சினை இருந்திருக்காது. "இனிமே அடிக்கறதில்ல" என்று சொல்லிவிட்டார். அந்த வருஷம் எங்கள் வீட்டில் யாரையும் நடவுக்கும் கூப்பிடவில்லை, அறுப்புக்கும் கூப்பிடவில்லை. வரப்பில் நடக்க விடவில்லை. சுற்றிக்கொண்டு ஏரிக்கரை வழியாகப் போனோம். கொட்டிக்கிழங்கு தோண்டித் தின்றோம். நைனா கத்தியால் பறையின் தோலை அறுத்து எறிந்தார். மர வளையத்தை அம்மா எடுத்து வைத்துக்கொண்டு, கம்பி வலை கட்டி, சல்லடையாக்கிக்கொண்டாள். நல்ல வேப்ப மரம், அதை ஏன் வீணாக்குவது.

நான் அந்த வருஷம் கிளம்பியவன்தான். செங்கல்பட்டு ஸ்டேஷனில் மூட்டை தூக்கினேன். மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பல் துரு சுரண்டினேன். எந்த வேலையிலும் எனக்கு ஆறு மாதம் கால் தரிக்காது. ஒருநாள் கல்கத்தா மெயிலில் ஏறிவிட்டேன், டிக்கெட்டைப் பற்றிக் கேட்காதீர்கள். அங்கே தமிழர்கள் சாப்பிடுகிற ஒரு மெஸ்ஸில் பாத்திரம் தேய்த்தபோது, சாப்பிட வருகிற ஒருவர் கணக்கு ஆராய்ச்சி நடக்கிற ஒரு பெரிய கட்டடத்தில் ஆள் எடுப்பதாகச் சொன்னார். பேச்சுக்குத் துணையாக அவரையே கூட்டிக்கொண்டு போனேன்.

"பெருக்கத் தெரியுமா?" என்று கேட்டார்கள்.

"நல்லாத் தெரியும்" என்றேன்.

"அப்ப நீ வேண்டாம்" என்றார்கள்.

பெருக்கினால் தூசி கிளம்புமாம். அந்த அறையில் ஈரத் துணியால் துடைக்க மட்டும்தான் வேண்டும். துடைப்பத்தையே தொட மாட்டேன் என்று ஒப்புக்கொண்டபின் சேர்த்துக்கொண்டார்கள்.

அறை முழுக்க இரும்பு பீரோக்கள்; எல்லாம் சேர்ந்துதான் அந்தக் கம்ப்யூட்டர். உள்ளே ரேடியோவில் இருப்பது போன்ற வால்வுகள் நூற்றுக்கணக்கில் எரியும். அதனால் வருகிற சூட்டைத் தணிக்க ஏசி. சூடும் குளிரும் ஒரே இடத்தில் இருக்கும். வால்வுமேல் படிந்த தூசி வேகிற வாசனை வரும். ஒரு மூலையில் தனியாக ஓர் உருளை, மூடி போட்டு, சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் பெயர் டிரம். கம்ப்யூட்டரின் நினைவு முழுவதும் அதன் தோலின்மேல்தான். தோல் என்றால் மேலே பூசிய காந்தப் பூச்சு. அதைப் படிக்கவும் எழுதவும் சின்னச் சின்ன முனைகள் உருளையை ஒட்டி வரிசையாக நிற்கும். அவற்றுக்குத் தலை என்று பேர். தலைக்கும் உருளைக்கும் நடுவில் ஒரு மயிர்கூட நுழையாது; ஆனாலும் பட்டுவிடக் கூடாது. பட்டால் சுரண்டிக்கொண்டு போகும், எழுதினது போய்விடும்.

அதில் எவ்வளவு பிடிக்கும் என்று இப்போது கணக்குப் போட்டால் சிரிப்பு வருகிறது. நான் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் இந்தக் கட்டுரையைக்கூட முழுதாக ஏற்ற முடியாது. பாதியில் நிறைந்துவிடும். அதுவும் வேண்டிய எண் உருளையின் அந்தப் பக்கம் இருந்தால், அது சுற்றி வருகிறவரை மெஷின் காத்துக்கொண்டு நிற்கும். எங்கள் ஊரில் காஞ்சிபுரம் பஸ்ஸை விட்டவன் அடுத்த சுற்றுக்கு நிற்பானே, அந்த மாதிரி. நமக்கு அந்தக் காத்திருப்பு கண் சிமிட்டுகிற நேரம்தான். மெஷினுக்கு அதுவே யுகம் என்று வரதன் சார் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

வரதன் சார் அங்கே இருந்த ஒரே தமிழ் இன்ஜினியர். நான் சேர்ந்த மறுநாள் என்னிடம் வந்தார்.

"தமிழாமே நீ. எந்த ஊர்ப்பா?"

"உத்திரமேரூர் சார்."

"அட, நான் திருப்புட்குழி. பக்கம்தானே. உங்க ஊர்க் கல்வெட்டெல்லாம் பார்த்திருக்கியா? குடத்துல பேர் எழுதிப் போட்டு ஆள் எடுத்த ஊராச்சே."

"வெளியிலேருந்து பாத்திருக்கேன் சார்."

"உத்திரமேரூர்ல எந்தத் தெரு?"

இந்தக் கேள்வி கல்கத்தா வரைக்கும் வரும் என்று நான் நினைக்கவில்லை. "ஏரிக்கரைப் பக்கம் சார்" என்றேன்.

"ஏரிக்கரைன்னா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. அன்றிலிருந்து அறைச் சாவியை என் கையில் கொடுக்காமல் மேஜைமேல் வைப்பார். கெட்டவர் இல்லை. கை அப்படிப் பழகியிருந்தது. டிரம்மின் மூடிமேல் தொடக் கூடாது என்று இரண்டு மொழியில் எழுதியிருந்தார்கள்; எனக்காக அவர் தமிழில் சொன்னார், "தொடாதே, பக்கத்துல நின்னு தும்மக்கூடத் தும்மாதே." ஊரில் எங்களுக்குச் சொன்னதை இங்கே ஓர் இரும்புக்குச் சொல்கிறார்கள். ஆனால் அதற்கு மரியாதையாகச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஊரில் எனக்கு வேறு பேச்சு கிடையாது. வங்காளம் காதில் ஏறவில்லை. நாள் முழுக்க ஈரத் துணியும் டிரம் சத்தமும்தான். விடாத ஒரே 'ம்ம்ம்'. கேட்டுக் கேட்டு, அது யாரோ வாயை மூடிக்கொண்டு எனக்குப் பதில் சொல்வது மாதிரி ஆகிவிட்டது. சேர்ந்த மூன்றாவது மாதத்தில்தான் ஊருக்குக் கடிதம் எழுதினேன். எழுதாமல் இருந்திருக்கலாம்.

தப்பு எங்கே என்றால், தரை துடைக்கிறேன் என்று எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவு தூரம் வந்தவன் துணியைப் பிழிந்துகொண்டிருக்கிறேன் என்று எப்படி எழுதுவது. அதனால் இப்படி எழுதினேன்: "எனக்கு இங்கே டிரம் வேலை. நாள் பூராவும் டிரம் கூடத்தான் இருக்கிறேன். சத்தம் நிற்கவே கூடாது. பெரிய பெரிய மனிதர்கள், வெள்ளைக்காரர்கள்கூட, இதைப் பார்க்க வருகிறார்கள்."

நைனாவுக்குப் படிக்கத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. தபால்காரர்தான் சேரிக்கு வெளியே சைக்கிளில் கால் ஊன்றி நின்றபடியே உரக்கப் படிப்பார். எங்கள் ஊரில் அன்றைக்கு டிரம் என்றால் இரண்டுதான். ஒன்று தார் டிரம், இன்னொன்று பேண்டு செட்டுக்காரன் கழுத்தில் மாட்டிக்கொண்டு அடிக்கிற டிரம். தார் டிரம்மைப் பார்க்க வெள்ளைக்காரன் வர மாட்டான்.

என்ன நடந்ததென்று எனக்குத் தெரியாது. பதில் வரவில்லை. அடுத்து எழுதிய கடிதம் திரும்பி வந்தது. வாங்க மறுத்துவிட்டார் என்று அதன்மேல் எழுதியிருந்தது. அதற்கடுத்ததும் அப்படியே. நான் உயிரோடு இருக்கிறேன் என்று தெரிவிக்க எனக்கு இருந்தது அந்தக் கடிதம் ஒன்றுதான். அதையும் நைனா தொட மாட்டேன் என்றுவிட்டார். ஏன் என்று கேட்டு எழுதினால் அதுவும் திரும்பி வந்தது. மூன்று கடிதங்களைப் படுக்கைக்குக் கீழே வைத்திருந்தேன், என் கையெழுத்தில், எனக்கே வந்த கடிதங்கள்.

பொங்கல் அன்று அறையில் நானும் வரதன் சாரும் மட்டும் இருந்தோம். அவர் அன்று கொஞ்சம் இளகியிருந்தார். "இந்நேரம் ஊர்ல கரும்பு கட்டியிருப்பா" என்றார். பிறகு என்ன தோன்றியதோ, "உனக்கு யார் பேராவது சொல்லு, டிரம்ல ஏத்தறேன்" என்றார்.

நைனா பேரைச் சொன்னேன்.

அவர் நிமிர்ந்து ஒருமுறை பார்த்தார். எந்தத் தெரு என்ற கேள்விக்கு அன்றுதான் அவருக்குப் பதில் கிடைத்தது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் வைத்து, அட்டையில் ஓட்டை போட்டு, மெஷினில் கொடுத்தார். விளக்குகள் மினுக்கின. "ஏறிடுத்து" என்றார்.

அதன்பிறகு எனக்கு அந்த அறை வேறு மாதிரி ஆகிவிட்டது. காலையில் உள்ளே போனதும் டிரம்மைச் சுற்றி முதலில் துடைப்பேன். "எழுந்துட்டியா நைனா" என்பேன். சாயங்காலம் "வரேன் நைனா." கடிதத்தைத் திருப்பி அனுப்புகிற மனுஷன் இங்கே எங்கேயும் போக முடியாது, சுற்றிக்கொண்டுதான் இருக்க வேண்டும். இதெல்லாம் வெளியில் சொல்லக் கூடாதுதான். ஆனால் உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது. கரண்டு போனாலும் டிரம்மில் எழுதினது அழியாது என்று வரதன் சார் சொல்லியிருந்தார். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சித்திரை கடைசியில் லீவு கேட்டு ஊருக்கு வந்தேன். ஏரி வற்றிப் பாளம் வெடித்திருந்தது. அம்மா வாசலில் கேழ்வரகு சலித்துக்கொண்டிருந்தாள், அந்தப் பறை வளையத்தில். என்னைப் பார்த்ததும் அழவில்லை. என் கையைப் பார்த்தாள்.

"மோளம் எங்க?" என்றாள்.

"இன்னா மோளம்?"

"அதான், நீ அடிக்கிறியே."

தபால்காரர் முதல் கடிதத்தைப் படித்துவிட்டு, "இன்னாய்யா, நீ வுட்ட மோளத்த உம்புள்ள கல்கத்தாவுல எடுத்துக்கினான்" என்றாராம். ஊரெல்லாம் சிரித்திருக்கிறது. வரப்பில் எதிரே வந்த ஒருவர், "உம்புள்ளைய வரச்சொல்லு, வெள்ளைக்காரனுக்கே அடிக்கிறானாமே. எங்க கெழவி இழுத்துக்கினு கீது" என்று கேட்டிருக்கிறார். நைனா நேரே வீட்டுக்கு வந்து படுத்தவர், மறு கடிதத்தைக் கையால் தொடவில்லை. கிழங்கு தின்று ஒரு வருஷம் கிடந்து வாங்கினதை நான் ஒரு கடிதத்தில் கொடுத்துவிட்டேன்.

நைனா உள்ளே உட்கார்ந்திருந்தார். முதுகைக் காட்டிக்கொண்டு கயிறு திரித்தார். நான் தண்ணீர்க் குடத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் கவிழ்த்து வைத்தேன். மேலே ஈர மண்ணால் புள்ளி வைத்தேன். குடத்தைச் சுற்றினேன்.

"இது மாதிரிதான் நைனா டிரம்மு. இது சுத்தும். இதும்மேல எழுதுவாங்க. யாரும் அடிக்கறதில்ல. தொடவே கூடாது."

கயிற்றை இன்னும் ஒரு முழம் திரித்துவிட்டு, "எத்தால எழுதுவாங்க?" என்றார்.

"காந்தத்தால."

"கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப உனுக்கு இன்னா வேலை அங்க?"

"தரை தொடைக்கிறேன்."

கயிறு திரிக்கிற கை நின்றது. "இத்த மொதல்லயே எழுதறதுக்கு இன்னா கேடு?" என்றார். சிரித்தமாதிரி இருந்தது. அம்மாவும் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். சந்தோஷத்தில் சொல்லிவிட்டேன்.

"உம் பேரு அதும்மேல கீது நைனா. பொங்கலன்னிக்கு ஏத்தினோம். கரண்டு போனாலும் அழியாது."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். வந்ததிலிருந்து அப்போதுதான் முகத்தைப் பார்க்கிறார்.

"மோளத்து மேலயா?"

"அது மோளம் இல்ல நைனா..."

"பேரு இன்னா அதுக்கு?"

"டிரம்மு."

"நான் செத்தாக்கூட மோளம் கூடாதுன்னு சொல்லிக்கினு கீறன். உசுரோட கீறப்பவே எம் பேர அதும்மேல ஏத்திட்டு வந்து நிக்கிற." குரலை உயர்த்தவில்லை. "போய் அழிச்சிட்டு வா. இனிமே எம் பேர எதுலயும் ஏத்தாத."

மறுநாளே கிளம்பினேன். ஒரு பேரை அழிக்க உத்திரமேரூரிலிருந்து கல்கத்தாவுக்கு ரயில் ஏறியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வழியெல்லாம் ஒரே கவலை. அழியாது என்று சொன்னாரே, அழிக்க என்ன செய்வார்கள், சுரண்டுவார்களா, சுரண்டினால் டிரம் கெட்டுப்போகுமே, அதற்கு ஒப்புக்கொள்வார்களா. ஸ்டேஷனிலிருந்து நேரே அறைக்குப் போனேன்.

"சார், எங்க அப்பா பேர அழிக்கணும்."

வரதன் சாருக்கு முதலில் எதைச் சொல்கிறேன் என்றே புரியவில்லை. பிறகு ஞாபகம் வந்தது. "அதுவா. அது அன்னிக்குச் சாயங்காலமே போயிடுத்தேப்பா. இருக்கிற இடமே கொஞ்சம். மேல வேற கணக்கு எழுதியாச்சு."

"அழியாதுன்னீங்களே சார்."

"தானா அழியாது. மேல எழுதினா போயிடும்."

பொங்கலிலிருந்து சித்திரை வரை நான் தினமும் காலையில் எழுப்பியது யாரையோ. உள்ளே ஓடிக்கொண்டிருந்தது ஏதோ கோதுமைக் கணக்கோ மழைக் கணக்கோ. நைனா அங்கே இருந்தது அரை நாள். அந்த அரை நாளுக்காக அவர் ஊரில் கயிற்றைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்த பார்வை. வரதன் சார் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன நினைத்தாரோ, அன்று சாவியை என் கையில் கொடுத்தார். அதைப் பற்றிச் சந்தோஷப்பட எனக்கு அன்று தோன்றவில்லை.

"அழிச்சாச்சு நைனா. நான் தரை துடைக்கிறேன்" என்று ஒரு கார்டு எழுதினேன். அது திரும்பி வரவில்லை. பதிலும் வரவில்லை.

அப்புறம் அங்கே டேப் மெஷின் வந்தது. பெரிய சக்கரம் சக்கரமாக டேப் ஓடும், நின்று நின்று ஓடும், பேசத் திணறுகிறவன் மாதிரி. டிரம்முக்குத் துணி போட்டு மூடினார்கள். 'ம்ம்ம்' நின்ற அன்று எனக்குக் காது அடைத்தமாதிரி இருந்தது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். நாக்பூரில் இருந்தபோது, நைனா போய்விட்டார் என்று தம்பியின் கார்டு, மூன்று விலாசம் மாறி வந்து சேர்ந்தது. மேளம் வைக்கவில்லை என்று தம்பி தனியாக ஒரு வரி எழுதியிருந்தான். ஊரே வாசலில் நின்று வேடிக்கை பார்த்ததாம், சத்தமில்லாமல் ஒரு சாவு போவதை.

அறுபதுகளின் கடைசியில் பம்பாயில் ஓர் ஆபீசில் பெட்டி தூக்கும்போது, அடை அடுக்கினமாதிரி தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக, மேலே கேக் டப்பா மூடி போட்டு வந்தன. இதுதான் டிஸ்க், இனிமேல் டிரம் கிடையாது என்றார்கள். அப்போதும் தலை என்றுதான் சொன்னார்கள், தட்டைத் தொடக் கூடாது என்றுதான் சொன்னார்கள். பிறகு பிளாப்பி, கையால் வளைக்கலாம். பிறகு சிடி, அதை எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக் கொல்லையில் காக்காய் ஓட்டக் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள், வெயிலில் மின்னும். இப்போது இந்தப் புளியங்கொட்டை. இதில் சுற்றுவது எதுவும் இல்லையாம். தலையும் இல்லை. எவ்வளவு வேண்டுமானாலும் தொடலாம்.

"தாத்தா" என்று செல்வி மறுபடி கூப்பிட்டாள். "நீங்க கொண்டாந்த காகிதம் எதுலயும் உங்க அப்பா பேரும் இல்ல, அவர் சாவு பதிஞ்சமாதிரியும் தெரியல. பரவால்ல, புதுசா மனு போட்டுடலாம். அவர் பேரு சொல்லுங்க, ஏத்திடறேன்."

விசைப்பலகைமேல் விரல்களை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஏத்தினா, அப்பால அழிக்க முடியுமாம்மா?"

"அதெல்லாம் அழியாது தாத்தா. எங்கெங்கயோ காப்பி இருக்கும். பயப்படாதீங்க."

தம்பி பேரனுக்கு மனை வேண்டும். அவனுக்கு இரண்டு பிள்ளைகள். அவன் கேட்பது நியாயம். நைனா கேட்டதும் நியாயம்தான். பேரைச் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. நீங்கள் கவனித்தீர்களோ என்னவோ, இவ்வளவு எழுதியும் அந்தப் பேர் இதில் இல்லை.

"நாளைக்கு வரேம்மா" என்று எழுந்தேன்.

ஏரிக்கரை வழி இப்போது தார் ரோடு. வரப்பில் யாரும் யாரையும் தடுப்பதில்லை. அந்த வரப்பே பாதிக்கு மேல் மனையாகிவிட்டது. பறை வளையத்தை அம்மா போனபிறகு யாரோ அடுப்பில் வைத்துவிட்டார்கள். அந்த டிரம்மை எந்தக் காயலான் கடையில் எடைக்குப் போட்டார்களோ. நைனாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள், அதட்டிக் கூப்பிட்டவர்கள்கூட, ஒருவரும் இல்லை. வரதன் சாருக்கு ஞாபகம் இருந்திருக்கலாம். அவரும் இருக்க மாட்டார். தம்பியும் போய்ச் சேர்ந்துவிட்டான். ஆக, அது இருக்கிற இடம் என் தலை ஒன்றுதான். அதற்கும் எண்பது தாண்டிவிட்டது.

படியிறங்கும்போது செல்வி பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"தாத்தா, பென் டிரைவ உட்டுட்டுப் போறீங்களே."

"இருக்கட்டும்மா. அதுல இன்னும் ஒண்ணும் ஏத்தலியே."